சிகாலாவின் மூக்கு

பலேர்மோ, வியா ஒரேத்தோ
9 செப்டெம்பர் 2024

தம்பி ஜெனிஸ்டனுக்கு,

சுகமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு உரிமை இருக்கிறதோ தெரியாது. பதினொரு வருடம் போய்விட்டது. என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். பக்கத்து வீட்டு யூலியானாவின் ரெலிபோனில் இருந்து எடுத்தாலும் என் குரல் கேட்டவுடன் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடதாசி. உன் மொதெனா விலாசத்தைப் பங்குத்தந்தையிடம் கெஞ்சி வாங்கினேன்.

விஷயம், நான் இன்னும் வேலை செய்யும் இந்த வீட்டுக்காரர், செத்துப்போன மேஸ்த்ரோ சல்வோவின் கார். கிழிக்காமல் முழுதும் வாசி.

வடக்கில் ஒரு பெரிய அருங்காட்சியகம் அதைக் கேட்டிருக்கிறது. மேஸ்த்ரோவின் மகன் ருஜ்ஜேரோ, அங்கே அனுப்பக் காரின் சரித்திரத்தை இரண்டு பக்கத்தில் எழுதி, தாயார் சிஞ்ஞோராவுக்கு வாசித்துக் காட்டினார். நான் பட்டாணி உரித்துக்கொண்டு கேட்டேன். 1966இல் இந்த வீட்டுப் பின் கராஜில் மேஸ்த்ரோவும் இரண்டு கூட்டாளிகளும் கட்டிய காராம். தார்கா ஃப்ளோரியோ மலைப் பந்தயத்தில் ஓட்டுவதற்கென்று கட்டியதாம். தோரினோக் கார்க் கண்காட்சியில் பார்த்த ஒரு கம்பனி, இப்படி நூறு செய்வோம் என்று கைகொடுத்துவிட்டு, ஆறு மாதத்தில் கைவிட்டதாம். பந்தயமும் ஓடவில்லை. உலகத்திலேயே இது ஒன்றுதானாம். இயந்திரம் சில்வண்டு மாதிரிச் சத்தம் போடுவதால் சிகாலா என்று பெயர் வைத்தார்களாம். கடைசி வரி இப்படி: "ஐம்பத்தெட்டு வருடமாக ஒரு தகடுகூட மாற்றப்படாத கார்."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் அவர்கள் வருகிறார்கள். திருத்திய காரை அவர்கள் எடுக்கமாட்டார்களாம்.

போன கிழமை ருஜ்ஜேரோ காருக்குக் கீழே கையை விட்டுப் போட்டோ எடுத்திருக்கிறார். முன்பக்க மூக்குத் தகட்டின் உட்பக்கத்தில் ஏதோ கீறியிருக்கிறதைக் கண்டுபிடித்துவிட்டார். குசினி அலமாரித் தட்டில் இருக்கும் என் செபப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ராணி, இது உங்கடை எழுத்துத்தானே?" என்றார். போட்டோ மங்கல். "துணை" என்ற சொல் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது போதும். எங்கள் ஐயா படகின் முன்பக்க அணியத்துக்குள் எழுதி வைப்பது போல நீயும் உன் பெயரைக் கிறுக்கி வைத்திருக்கிறாய்! ஆருக்கு வாசிக்க எழுதினாய், நண்டுக்கா?

நீ வந்து அதை அழிக்க வேண்டும். வேறு கராஜ்காரனைக் கூப்பிட்டால் ஊர் முழுக்கக் கதைப்பான் என்று ருஜ்ஜேரோ பயப்படுகிறார். ஒரு நாள் வேலை. வா.

அக்கா
விமலராணி


மொதெனா
21 செப்டெம்பர் 2024

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. மூன்று தரம் வாசித்தேன். இரண்டாம் தரம் வாசிக்கும்போது வேலைத்தலத்தில் ஒரு கார்க் கதவுக்குத் தவறான நிறம் அடித்துவிட்டேன். முதலாளி ஏசினான். உங்கள் கடிதத்தின் முதல் பலன் அது.

ஒரு தகடுகூட மாற்றப்படாத கார். நல்ல வசனம். 2012 தை மாத மழையில் கராஜின் பின்சுவர் விழுந்து காரின் மூக்கு அப்பளமாக நொறுங்கியதை நீங்களும் கண்டீர்கள். சிஞ்ஞோரா தலையில் கைவைத்துக்கொண்டு நின்றா, வெளியூரில் இருந்த மகனுக்குச் சொல்லவே இல்லை. மேஸ்த்ரோ படுக்கையில் கிடந்தார், கை நடுக்கம், கரண்டி பிடிக்கவே ஏலாது. வரைபடம் இல்லை, மர அச்சு எப்போதோ அடுப்புக்குப் போய்விட்டது. மன்னாரில் பஸ் பொடித் தகடு அடித்த கையோடு வந்து, பல்லரோச் சந்தையில் மீன்பெட்டி கழுவிக்கொண்டிருந்த என்னைக் கூட்டிக்கொண்டு போனது ஆர்? நீங்கள்.

எட்டு மாதம், அக்கா. நொறுங்கிய தகட்டை மெல்ல மெல்லச் சூடுகாட்டி, கடதாசி மடிப்பைப் பிரிப்பது போலப் பிரித்தேன். எங்கே மடிந்ததோ அங்கே பழைய வளைவு ஒளிந்திருந்தது. இடப்பக்க மட்காட் வலப்பக்கத்தைவிட ஒரு விரல் பதிவு, கீழே இறங்கியிருக்கிறது என்று அப்போதுதான் கண்டேன். ஒரு பக்கத்தை ஒருவனும் மறுபக்கத்தை இன்னொருவனும் கண்மட்டத்துக்கு அடித்திருக்கிறார்கள். திருத்தலாமா என்று யோசித்துவிட்டு, அந்தப் பிழையையும் அப்படியே அடித்தேன். அதுதான் அந்தக் காரின் முகம். பழைய தகட்டை லாப்பா ஆட்டோவில் வந்த இரும்புக்காரன் ஏற்றிப்போனான். சாட்சி அத்தோடு போய்விட்டது.

அடுத்த வருடம் மேஸ்த்ரோவின் செத்தவீட்டுக்கு வந்த பத்திரிகைக்காரன் மூக்கைத் தடவி, "இந்த வளைவை இண்டைக்கு ஒருத்தனும் அடிக்கமாட்டான்" என்றான். நான் பக்கத்தில் நின்றேன். "நான்தான் அடிச்சனான்" என்றேன். பெருமைக்காக இல்லை, வாயில் வந்துவிட்டது. ருஜ்ஜேரோ உங்களைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். நீங்கள் சொன்னது எனக்கு இன்னும் காதுக்குள் கேட்கிறது: "இல்லை தொத்தோரே. இவன் கார் கழுவினவன். மேஸ்த்ரோ செத்த கவலையிலை கண்டபடி கதைக்கிறான்."

அவர்கள் எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். என் சொந்த அக்கா என்னைப் பொய்யனாக்கினா. இப்போது என் எழுத்தையும் நானே வந்து அழிக்க வேண்டுமாம்.

வரமாட்டேன்.

ஜெனிஸ்டன்


பலேர்மோ
2 ஒக்டோபர் 2024

ஜெனிஸ்டன்,

உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன். இறங்கி, திரும்பி நடந்து, பல்லரோவில் வாங்க வேண்டியதை மறந்து வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன். சிஞ்ஞோரா, "ராணி, சாமான் எங்கை?" என்றா. நான் அழுதேன். வேறு என்ன செய்ய?

உனக்கு ஒரு பக்கம் தெரியும். மறுபக்கத்தைக் கேள்.

சிஞ்ஞோராவுக்கு எண்பத்தாறு. ருஜ்ஜேரோவுக்கு இந்த வீடு பெரிய சுமை. கார் அந்த அருங்காட்சியகத்துக்குப் போனால், வரும் காசில் வீட்டை வைத்திருப்பார், தாயையும் இங்கேயே வைத்திருப்பார், நானும் இருப்பேன். போகாவிட்டால் வீடு விற்பனைக்கு, சிஞ்ஞோரா முதியோர் இல்லத்துக்கு. தாயின் முகத்துக்கு நேரே சொன்னார். அன்றையில் இருந்து மனுஷி சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்கிறா. ஒரு கதவைத் திறந்தால் திரும்ப வந்து பூட்டியதா என்று பார்க்கிறா. ஒரு இடத்தில் இருக்கிறா இல்லை. அவவோடு சேர்ந்து நானும் வீட்டுக்குள் சுற்றுகிறேன். எனக்கும் ஐம்பத்தெட்டு. இந்த வயதில் ஆரின் வீட்டு மணியை அடிப்பேன்?

செத்தவீட்டில் நான் சொன்னது பிழை. அதை எழுத எனக்கு ஒரு கிழமை எடுத்தது. ஆனால் அன்று ருஜ்ஜேரோ என்னைப் பார்த்த பார்வையை நீ காணவில்லை. தகப்பன் பெட்டியில் கிடக்கும்போது, வேலைக்காரியின் தம்பி வந்து உன் தகப்பனின் கார் உன் தகப்பன் அடித்ததில்லை என்று சொன்னால் எந்த மகன் பொறுப்பான்? அடுத்த நாளே என்னை அனுப்பியிருப்பார். அப்போது நீ இந்த நாட்டில் இருக்கிற பெர்மெஸ்ஸோ அனுமதிக்கும் நான்தான் குவெஸ்தூராப் பொலிஸ் வாசலில் நின்றேன், மறந்து போகாதே. நீ மொதெனாவுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரோஷப்பட்டாய். நான் இங்கேயே நின்று அந்தக் காரைக் கிழமைக்கு ஒருதரம் துடைத்தேன். ஒவ்வொரு முறையும் அந்த மூக்கில்தான் கை நிற்கும்.

நான் உனக்குச் செய்ததை நீ அந்தக் கிழவிக்குச் செய்யாதே.

விமலராணி


மொதெனா
14 ஒக்டோபர் 2024

அக்கா,

வேலை விட்டுவிட்டேன். கடிதத்தால் இல்லை, எப்படியும் விட்டிருப்பேன். பதினொரு வருடத்தில் இது ஏழாவது வேலைத்தலம். இங்கே தகடு அடிக்க விடமாட்டார்கள். பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெட்டியில் வந்த புதியதைப் பூட்டு என்பார்கள். எனக்குக் கை சும்மா இருக்காது.

நீங்கள் பிழை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பொய்யன் என்றதை ஊரறியச் சொன்னீர்கள், பிழை என்றதைக் கடிதத்துக்குள் மடித்து ஒட்டி அனுப்புகிறீர்கள்.

ஒரு நிபந்தனை. வடக்கில் இருந்து வருகிறவர்கள் முன்னால் ஒரே ஒரு வசனம் சொல்லுங்கள்: "இந்த மூக்கை அடித்தவன் என்ரை தம்பி." அதைச் சொன்னால் அழிக்க வேண்டிய தேவையே இல்லை. சொல்லமாட்டீர்கள் என்றால் அதையும் எழுதிவிடுங்கள்.

ஜெனிஸ்டன்


பலேர்மோ
23 ஒக்டோபர் 2024

தம்பி,

வாற மாதம் ஆறாம் திகதி புதன்கிழமை வருகிறார்கள். அந்த வசனத்தைச் சொன்னால் இந்த வீடு போகும். நீ கேட்பது அதைத்தான். என்னால் வாக்குத் தர முடியாது.

காற்று மூன்று நாளாக ஆபிரிக்காப் பக்கத்தில் இருந்து அடிக்கிறது. யன்னல் எல்லாம் மண். ருஜ்ஜேரோ நாளுக்கு இரண்டு தரம் ரெலிபோன் எடுத்து, "தம்பி வாறானா?" என்று கேட்கிறார். நான் "ஓம், ஓம்" என்று காலம் கடத்துகிறேன்.

வழக்கம் போல ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்களோடு மலைக்கு ஏறி சாந்தா ரொசாலியாவைக் கும்பிட்டுவிட்டு மதியம்தான் வருவேன். அந்தப் புனிதையிடமும் கேட்டுப் பார்த்தாயிற்று. அவவும் வாய் திறக்கிறா இல்லை.

விமலராணி


பலேர்மோ
7 நவம்பர் 2024

ஜெனிஸ்டன்,

நேற்று வந்தார்கள். மூன்று பேர். ஒருவர் வயதான எஞ்சினியர், மெல்லிய ஆள், கையுறை போட்டுக்கொண்டுதான் காரைத் தொட்டார். ஒருவர் எழுதுகிறவர். ஒரு பெட்டை படம் எடுக்கிறவள். நீ வரவில்லை, காருக்குக் கீழே ஆரும் குனிந்து பார்க்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ருஜ்ஜேரோ புதுக் கோட்டுப் போட்டு நின்றார். சிஞ்ஞோராவைக் கதிரையில் இருத்தி மடியில் போர்வை போட்டிருந்தேன்.

நான் கோப்பித் தட்டோடு கராஜுக்குள் போனபோது எஞ்சினியர் கையுறையைக் கழற்றிவிட்டார். வெறுங்கையால் மூக்கைத் தடவினார். இடப்பக்கம், பிறகு வலப்பக்கம், திரும்ப இடப்பக்கம். "இது ஒரு விரல் பதிவு" என்று தனக்குள் சிரித்தார். "இதை அடிச்சவனுக்கு மெசின் தேவையில்லை. கண்தான் அளவு." பிறகு மேஸ்த்ரோவின் போட்டோவைப் பார்த்துத் தலையைக் குனிந்தார்.

தம்பி, எனக்கு என்ன நடந்தது என்று தெரியாது. உன் கடிதத்தை நினைத்தேனா, உன்னை நினைத்தேனா, அதுவும் தெரியாது. அந்த மனிதன் போட்டோவுக்குத் தலை குனிந்ததைக் காண எனக்கு நெஞ்சு கொதித்தது. தட்டைக் கீழே வைத்தேன். சொன்னேன்: "சிஞ்ஞோரே, இந்த மூக்கை அடிச்சவன் என்ரை தம்பி. 2012ஆம் ஆண்டு. சுவர் விழுந்து பழசு நொறுங்கினது."

ருஜ்ஜேரோவின் முகம் வெள்ளையாகியது. நான் நிறுத்தவில்லை. "உள்ளுக்கை எங்கடை எழுத்திலை எழுதியிருக்கு. பாருங்கோ. நானே வாசிச்சுக் காட்டுறன்."

படம் எடுக்கிறவள் ரோச் லைற்றோடு நிலத்தில் படுத்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழும்பி, உடுப்பைத் தட்டிக்கொண்டு, "ஒண்டும் இல்லை" என்றாள். எஞ்சினியரும் முழங்காலில் இருந்து பார்த்தார். பழைய கறுப்புத் தார்ப்பூச்சு, பழைய தூசி, சிலந்தி வலை. நானும் படுத்துப் பார்த்தேன். உண்மையாகவே ஒன்றும் இல்லை.

அப்போது ருஜ்ஜேரோ என் தோளில் கை வைத்து, மிக மெதுவாக, மிகப் பட்சமாகச் சொன்னார்: "பாவம், இவ அம்மாவைப் பாக்கிறதிலை நித்திரையில்லை. களைச்சுப் போனா. கண்டபடி கதைக்கிறா."

நான் அன்று சொன்ன அதே மாதிரி. கிட்டத்தட்ட அதே சொல். எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். எஞ்சினியர் தன் கோப்பியை எடுத்து என் கையில் தந்து, "நீங்கள் குடியுங்கோ, சிஞ்ஞோரா" என்றார். அந்த இரக்கத்தை என்னால் விழுங்க முடியவில்லை. உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. பதினொரு வருடம் நீ கதவைச் சாத்தினது காணாது, போதவே போதாது.

அவர்கள் போன பிறகு சிஞ்ஞோரா குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினா. "ஞாயிற்றுக்கிழமை ஜெனி வந்தவன்" என்றா. நான் மலையில் நின்ற நேரம் மணி அடித்தாயாம். கராஜுக்குள் மூன்று மணித்தியாலம் படுத்திருந்தாயாம். எனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவவிடம் சத்தியம் வாங்கினாயாம். "நீ சொல்லேக்கை நானும் சொல்லியிருக்க வேணும், ராணி. வீடு போயிடும் எண்டு பயந்துபோனன்" என்றா. அவவில் கோபப்பட எனக்கு வாய் ஏது? அதே பயத்தில்தானே நானும் உன்னை விற்றேன்.

நீ அழித்துவிட்டாய். நான் கேட்டதைத்தான் செய்தாய். ஒரு கீறல்கூடத் தெரியவில்லை. உன் வேலை அவ்வளவு சுத்தம்.

காரை எடுக்கிறார்களாம். வீடு தப்பியது.

அக்கா


மொதெனா
14 நவம்பர் 2024

என் அக்காவுக்கு,

நீங்கள் சொல்லுவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. நினைத்திருந்தால் போயிருக்கமாட்டேன். இது என் பிழை. நிபந்தனையும் போட்டுவிட்டு, நம்பாமலும் இருந்தேன்.

ஏன் போனேன் என்று கேட்பீர்கள். உங்கள் கடைசிக் கடிதத்தில் அந்தக் கிழவி சுவரைத் தொட்டு நடக்கிறதைப் பற்றி ஒன்றும் இல்லை, காற்றைப் பற்றித்தான் இருந்தது. ஆனால் எனக்கு அவ நடக்கிறதுதான் தெரிந்தது. பொலோஞ்ஞாவில் விடிய விமானம் ஏறி, அதே நாள் திரும்பினேன். உங்கள் முகத்தில் முழிக்கத் தைரியம் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்தேன்.

அரம், எமரித்தாள் எல்லாம் கொண்டு போனேன். மூக்குக்குக் கீழே படுத்து அரத்தை முதல் எழுத்தில் வைத்தேன். இரண்டு இழுவை. மூன்றாவதுக்குக் கை போகவில்லை. அக்கா, அங்கே என் பெயர் இல்லை. நீங்கள் அந்த மங்கல் போட்டோவில் முழுதும் வாசிக்கவில்லை.

ஐயா படகு கட்டி முடிய அணியத்துக்குள் என்ன எழுதுவார் என்று நினைத்துப் பாருங்கள். அவர் தன் பெயரை ஒருநாளும் எழுதியதில்லை. மாதாவின் பெயர், அதற்குக் கீழே படகு கட்டி முடியுமட்டும் உலை வைத்துச் சோறு கொண்டுவந்தவளின் பெயர். அப்படித்தானே எங்கள் அம்மாவின் பெயர் மூன்று படகில் போனது. அந்த எட்டு மாதமும் சிஞ்ஞோரா வீட்டு வேலை முடித்து, எனக்குச் சோற்றுப் பெட்டியோடு கராஜ் வாசலில் வந்து நின்றவள் ஆர்?

"மடு மாதா துணை. விமலராணி. 2012." அவ்வளவுதான் எழுதியது.

நான் அழிக்கவில்லை. தாரும் கரியும் பிரேக் தூளும் குழைத்துப் பூசி, நிலத்துத் தூசியை ஊதிவிட்டேன். சிலந்தி வலை மட்டும் கராஜ் மூலையில் இருந்து எடுத்து வைத்தது. மண்ணெண்ணெயில் துணி நனைத்து நாலு தரம் துடைத்தால் எழுத்து வெளியே வரும்.

கார் அங்கே இருந்தால் துடையுங்கள். வேண்டாம் என்றால் விடுங்கள். இனி நான் நிபந்தனை போடமாட்டேன். நீங்கள் சொன்னீர்கள், அது எனக்குக் கேட்டது.

உங்கள் தம்பி
ஜெனிஸ்டன்


பலேர்மோ
21 நவம்பர் 2024

என் தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. காரை லொறியில் ஏற்றிப்போனது அதற்கு முதல் நாள். கராஜில் எண்ணெய்க் கறை மட்டும் கிடக்கிறது. உன் கடிதத்தோடு அதற்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். இத்தனை வருடமும் கிழமைக்கொருதரம் நான் துடைத்தது என் பெயரின் முதுகைத்தான் என்று நினைக்க அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. உனக்கு நல்ல ஏச்சுக் கொடுக்க வேணும். இதை 2012இலேயே சொல்லியிருந்தால் நான் செத்தவீட்டில் அந்தப் பொய்யைச் சொல்ல வாய் திறந்திருப்பேனா?

சிஞ்ஞோராவுக்கு உன் கடிதத்தை இத்தாலியனில் சொன்னேன். மனுஷி என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினா. பிறகு, "எஞ்சினியருக்கு எழுது. நான் கையெழுத்துப் போடுறன்" என்றா. நான் வீட்டைப் பற்றிச் சொன்னேன். "ராணி, ரெண்டு பேரைப் பொய்க்காரர் ஆக்கிப்போட்டு இந்தச் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நான் எவ்வளவு காலம் நடக்கிறது?" என்றா. சொல்லிவிட்டு அழுதா. பயம் அவவுக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. ருஜ்ஜேரோவுக்கு இன்னும் தெரியாது. தெரிந்த பிறகு இந்த விலாசத்துக்கு நீ எழுதும் கடிதம் எனக்குக் கிடைக்குமோ தெரியாது.

இன்று காலை ஸ்தாசியோனே பக்கத்துத் தபால் கந்தோரில் எஞ்சினியருக்குக் கடிதத்தைப் பதிவுத் தபாலாகப் போட்டேன். கந்தோர்ப் பெண் முத்திரை குத்தும்வரைக்கும் அங்கேயே நின்று பார்த்தேன். சுவர் விழுந்த கதை, எட்டு மாதம், மண்ணெண்ணெய், எத்தனை தரம் துடைக்க வேண்டும் என்பது எல்லாம் எழுதினேன். உள்ளே இருப்பதை அவர்களுடைய மொழியில் மாற்றியும் எழுதினேன். என் பெயரை நானே எழுத வெட்கமாக இருந்தது, ஆனாலும் எழுதினேன். கீழே சிஞ்ஞோரா கையெழுத்துப் போட்டா.

ஐயா செய்யாத ஒன்றையும் செய்தேன். தகட்டில் இல்லாத ஒரு வரியைக் கடதாசியில் சேர்த்தேன்: "அடித்தவன், மன்னார் பேசாலை ஜெனிஸ்டன்."

அக்கா
விமலராணி